பெல்ட்டை அவிழ்க்காத இரண்டு நாட்கள்

பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து என் தங்கைக்கு இடம் கொடுத்திருக்கிறாள். "உக்காருங்கக்கா. எத்தனை மாசம்?" என்று கேட்டாளாம். தங்கையும் உட்கார்ந்துகொண்டு "ஆறு" என்று சொல்லிவிட்டாள். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வரும்வரை அந்தப் பெண் அக்கறையாக ஒவ்வொன்றாய்க் கேட்க, இவளும் இல்லாத பிள்ளையைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். நேராக என் குவார்ட்டர்ஸுக்கு வந்து அதையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். சிரித்து முடித்ததும் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு அழுதாள்.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். புருஷன் குவைத்தில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். எனக்கு அவளைவிட ஏழு வயது கூடுதல். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். எங்கள் அய்யா ஊரில் மிளகாய் போட்டுக்கொண்டிருந்தார். மழை பொய்த்த வருடங்களில் அடுத்தவர் காட்டுக்கு வேலைக்குப் போய் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவர்.

தங்கை ஒன்றும் பார்க்க முடியாத அளவுக்குக் குண்டு இல்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வயிறு மட்டும் இறங்கவில்லை. சேலையை எப்படிக் கட்டினாலும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பள்ளியில் பையன்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூசணி. போர்டில் எழுதத் திரும்பினால் பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பும். "யாருடா அது?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் தாங்க முடியவில்லை என்பாள். காலையில் நடந்தாள். சாயங்காலச் சாப்பாட்டை விட்டாள். கொள்ளுத்தண்ணி குடித்தாள். ஆறு மாதத்தில் முகம்தான் ஒட்டியது.

பஸ்ஸில் நடந்ததற்கு ஒரு மாதம் கழித்து ஒரு நோட்டீசை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். மதுரையில் ஒரு கிளினிக். கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடுவார்களாம். தையல் இல்லை, தழும்பு இல்லை, மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று போட்டிருந்தது.

"வேணாம் புள்ள" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷன் பண்ணுவதில்லை. "நல்லா இருக்கிற உடம்புல எதுக்குக் கத்தி வைக்கணும்?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லா இருக்குன்னு நீ சொல்ற. நான்தானக்கா இதைச் சுமந்துக்கிட்டு நடக்குறேன்."

"அவரு ஏதும் சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. அவரு எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆடி மாசம் லீவுல வாராரு. அதுக்குள்ள முடிச்சிரணும். நீ கூட வந்தா போதும். வரலேன்னா நான் தனியாப் போறேன்."

தனியாகப் போவாள் என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் யாரிடமும் சொல்லாமல் ஊருணியில் தானாக நீச்சல் பழகியவள். "வாரேன்" என்றேன்.

கோடை லீவில் போவது என்று முடிவானது. பிள்ளைகளை ஊரில் அய்யா அம்மாவிடம் விட்டாள். பள்ளியில் ட்ரெயினிங், மதுரையில் ஒரு வாரம் என்று சொன்னாள். எனக்கும் அந்தப் பொய்யில் பங்கு உண்டு. அய்யா என்னைப் பார்த்து, "நீயும் போறியாத்தா?" என்று கேட்டபோது, "எனக்கும் மதுரையில சோலி இருக்குய்யா" என்றேன்.

கிளினிக் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல பேச்சு. காகிதத்தில் வயிற்றை வரைந்து, "பேனா தடிமன்ல ஒரு குழாய். தோலுக்கும் சதைக்கும் நடுவுல விட்டு உறிஞ்சி எடுத்திருவோம், அவ்வளவுதான்" என்றார். தங்கை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சார், ஏதாச்சும் பிரச்சினைன்னா இங்க…"

"சிஸ்டர், நீங்களே பயந்தா எப்படி?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பதினாறு வருடமாக டாக்டர்களுக்கு ஓரடி பின்னால் கையைக் கட்டி நின்று பழகியவள் நான். அவர்கள் சிரித்தால் சிரிப்பது, கை நீட்டினால் கத்தரியைக் கொடுப்பது, இதுதான் என் தொழில். அன்றைக்கு நான் நர்சாகப் போகவில்லை, அக்காவாகப் போயிருந்தேன். ஆனாலும் என்னைப் பார்த்து அவர் "சிஸ்டர்" என்றதும் எனக்குக் கை தானாகக் கட்டிக்கொண்டது.

கண்ணில் பட்டவை பல. தியேட்டர் என்று அவர்கள் காட்டியது ஒரு சாதாரண அறை. நர்ஸ் என்று ஒரே ஒரு பெண். அவளே ரசீதும் போட்டாள். ஆபத்து என்றால் வைத்துப் பார்க்கத் தனி வார்டு கிடையாது. மயக்கம் கொடுத்த டாக்டர், தங்கை சரியாகக் கண் திறப்பதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எல்லாவற்றையும் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன்பே சம்மதப் படிவத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பெயருக்குக் கீழே அந்தப் பெண் கேட்டுக்கொண்டபடி "ஸ்டாஃப் நர்ஸ்" என்றும் எழுதியிருந்தேன்.

ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. முடிந்ததும் டாக்டர் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து காட்டினார். மேலே மஞ்சளாக, உருக்கி ஆறவைத்த மாதிரி, அடியில் சிவப்பாக இருந்தது. தங்கைக்கு நினைவு வந்ததும் முதலில் கேட்டது, "எடுத்துட்டாங்களா?" என்றுதான். வயிற்றைச் சுற்றி இறுக்கமாக ஒரு பெல்ட் போட்டிருந்தார்கள். மார்புக்குக் கீழிருந்து தொடைவரை. "அஞ்சு நாளைக்கு இதை அவுக்கவே கூடாது. அவுத்தா தோல் தொங்கிப்போகும், ஷேப் வராது" என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

புதன்கிழமை மதியம் டிஸ்சார்ஜ் சீட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். காரில் பின் சீட்டில் அவளைப் படுக்க வைத்துக் கூட்டி வந்தேன். பரமக்குடி தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தாள். ஆடியில் புருஷன் வந்ததும் ராமேஸ்வரம் போகணும், அங்கே பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுக்கணும் என்றாள். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்.

"அக்கா, மேல வலிக்கும்னாங்க. எனக்கு உள்ள வலிக்கி."

உடம்பெல்லாம் குத்தியெடுத்திருக்கிறார்கள், வலிக்காமல் இருக்குமா என்று நினைத்தேன். அவர்கள் எழுதிக்கொடுத்த வலி ஊசியை நானே போட்டேன். ஊசி போட்டால் இரண்டு மணி நேரம் தூங்கினாள். எழுந்தால் மறுபடியும் "உள்ள வலிக்கி" என்றாள். மறுபடியும் போட்டேன். நோயை அப்படித்தான் மூடி வைத்தேன், என் கையாலேயே.

வியாழக்கிழமை காலையில் காய்ச்சல். குடித்த கஞ்சித்தண்ணி வெளியே வந்துவிட்டது. தெருமுனை பூத்துக்கு ஓடி கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். "சார் தியேட்டர்ல இருக்காங்க" என்றாள் அந்தப் பெண். ஒரு மணி நேரம் கழித்துப் பண்ணியபோது டாக்டரே பேசினார்.

"காய்ச்சல் வரும் சிஸ்டர். கொழுப்பு எடுத்தா எல்லாருக்கும் வரும்."

"வாந்தி எடுக்கிறா சார். வயிறு உப்பின மாதிரி இருக்கு."

"காஸ்தான். மாத்திரை குடுங்க. பெல்ட்டை மட்டும் கழட்டிராதீங்க."

மத்தியானம் மூன்றாவது தடவை பண்ணினேன். யாரும் எடுக்கவில்லை.

என் ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸில் இருந்து நூறு அடி. ஒரு சுவர், ஒரு கேட், அவ்வளவுதான் இடையில். அங்கே கூட்டிப் போயிருக்கலாம். "அங்கன வேணாங்கா" என்றாள் அவள். "எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. என்ன ஆபரேஷன்னு கேப்பாங்க. ஊர் பூரா சிரிக்கும். இன்னும் ஒரு நாள் பாப்போம்." அவள் சொன்னது மட்டும் காரணமில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது. எங்கள் பெரிய டாக்டரிடம் என்ன சொல்வேன், மெலிவதற்காக என் தங்கையைக் கத்தி வைக்கக் கூட்டிப் போனேன் என்றா? நாடியைப் பிடித்துப் பார்த்தேன். வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சலால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் இருந்து அவள் சரியாக ஒன்றுக்குப் போகவில்லை என்பதும் தெரியும். தண்ணீர் இறங்காததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு ஒருத்தி வார்டில் இப்படிக் கிடந்திருந்தால் பத்து நிமிடத்தில் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முகம் கழுவ வைக்கலாம் என்று போனேன். உதட்டைச் சுற்றி வெளுத்திருந்தது. மூச்சு மேலாக, வேகமாக, நாய்க்குட்டி மாதிரி வாங்கினாள். அப்போதுதான் பெல்ட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். "அவுக்கக் கூடாதுன்னாரே" என்றாள். உள்ளே தோல் கருநீலமாக இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். கையை வைத்தேன். பலகை. அமுக்கினால் அமுங்காத வயிறு. பயிற்சியின் முதல் வருடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள், இப்படி ஒரு வயிற்றைத் தொட்டால் ஓட வேண்டும் என்று. நான் ஓடினேன். கேட்டைத் தாண்டி, செருப்பில்லாமல்.

ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தார்கள். எங்கள் பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஈரலுக்கு மேலே பிறை மாதிரி இருந்த கறுப்பை விரலால் காட்டினார். குடல் ஓட்டையாகிக் காற்று வெளியே வந்திருக்கிறது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. "இங்க முடியாதும்மா. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ, உடனே" என்றார்.

அப்போது நூற்றெட்டு ஆம்புலன்ஸ் எல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரி வேனில் ஆக்சிஜன் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு, குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மே மாத வெயில் தகரத்தில் இறங்கியது.

"அக்கா, தண்ணி."

"குடிக்கக் கூடாதுத்தா. போனதும் ஆபரேஷன்." பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தேன். அவள் பஞ்சை உறிஞ்சப் பார்த்தாள்.

"அய்யாக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

"சொல்லாத. குடல்வாலுன்னு சொல்லு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "பெரியவளுக்கு யூனிபார்ம் தைக்கக் குடுத்திருக்கேன். ஸ்கூலுக்கு எதுத்த கடையில. நீ வாங்கிரு."

"நீயே வந்து வாங்குவ."

மானாமதுரையில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. டிரைவர் இறங்கிப் போய் கேட்காரரிடம் கெஞ்சினார். ரயில் வந்து போகும்வரை நிற்கத்தான் வேண்டியிருந்தது. பெட்டி பெட்டியாக அது கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நான் அவள் நாடியை எண்ணினேன். எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது. அந்த வண்டிக்குள் வைத்து என்னைக் கொடுத்து அவளை எப்படியாவது மீட்டுக்கொள்ள முடியுமா என்று, யாரிடம் என்றில்லாமல், கெஞ்சினேன்.

அன்றைக்கு மதியமே வயிற்றைத் திறந்தார்கள். வெளியே வந்த சர்ஜன் வயதானவர். முகமூடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "சின்னக்குடல்ல ரெண்டு எடத்துல ஓட்டை. குழாய் குத்தியிருக்கு. அழுக்கு வயிறு பூரா பரவி ரத்தத்துல ஏறியிருச்சு. நேத்தே கொண்டாந்திருந்தா…" பிறகு கையில் இருந்த பேப்பரைப் பார்த்தார். "கூட இருந்தது நீங்களா? நர்ஸா நீங்க?"

"ஆமா சார்."

"உங்களுக்குமா தெரியல?"

அவர் அதற்கு மேல் நிற்காமல் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் அய்யா வந்தார். அவருக்குத் தகவல் சொல்ல ஊர் பலசரக்குக் கடைக்குப் போன் பண்ணியிருந்தேன். உத்தரகோசமங்கைக் கோயில் துன்னூற்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். தங்கையின் வாயில் குழாய் வைத்து, மிஷின்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கை கால் எல்லாம் வீங்கி, விரலில் மோதிரம் புதைந்திருந்தது. அய்யா அவள் நெற்றியில் துன்னூற்றைப் பூசிவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்னத்தா வந்துச்சு இவளுக்கு? நல்லாத்தான போனா."

"குடல்வாலு வெடிச்சிருச்சுய்யா."

"நீ கூட இருந்துமா?"

இதே கேள்வியை அந்த மூன்று நாளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்டார்கள். குவைத்தில் இருந்து மச்சான் போனில் கேட்டார். அய்யா மட்டும்தான் என்னைக் குற்றம் சொல்லாமல், நான் இருந்ததில் ஒரு நம்பிக்கை வைத்துக் கேட்டார். அதுதான் கொடுமை. வராந்தாவில் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம், "எம் மூத்த மக நர்சு, அவ பாத்துக்கிருவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சிறுநீர் நின்றுவிட்டது. திங்கட்கிழமை முற்பகல் பதினோரு மணி இருக்கும். நான் அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதம் சில்லிட்டிருந்தது. மிஷின் சத்தம் மாறியது. டாக்டர்கள் வந்து நெஞ்சை அழுத்தினார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். அப்படிச் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேரை நானே அப்படி வெளியே அனுப்பியிருக்கிறேன்.

போஸ்ட்மார்ட்டம் பண்ணாமல் கொடுக்க முடியாது என்றார்கள். அதற்குப் போலீஸ் வந்தது. ஏட்டு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்து, சட்டப்படி வாசித்துக் காட்டணும் என்று சத்தமாக வாசித்தார். பக்கத்தில் அய்யா நின்றுகொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பில்லை. "உடல் பருமனைக் குறைக்கும் பொருட்டு வயிற்றில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை" என்று ஏட்டு வாசித்தபோது அய்யா என் பக்கம் திரும்பினார்.

"என்னத்த எடுத்தாங்க?"

"கொழுப்பய்யா."

"எதுக்கு?"

"மெலியணும்னு ஆசப்பட்டா."

அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து மறுபடி சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "நல்லாத்தானத்தா இருந்தா" என்றார். "பஞ்சத்துல வத்தலாக் கெடந்த பிள்ள. ரெண்டு பிள்ள பெத்த பெறகு, சாப்புட்டு, நல்லா மினுமினுன்னு இருந்தாளே. அதப் பாத்து நான் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேனே." பெஞ்சில் உட்காராமல் சுவரில் கையை ஊன்றி நின்றார்.

மச்சான் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார். அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போய்க் காரியம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மதினி. அவளுக்கு என்ன கொறன்னு நான் என்னைக்காச்சும் சொன்னேனா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் அவர் என்னிடம் பேசவில்லை. பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் பரமக்குடியில் விட்டுவிட்டுத் திரும்பப் போனார்.

கிளினிக் மேல் புகார் கொடுத்தோம். விசாரணைக்காக மதுரைக்கு அலைந்தேன். ஆபரேஷன் குறிப்பு காணாமல் போயிருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் இருந்தது. நல்ல நிலையில் அனுப்பப்பட்டார், உடனிருந்தவர் பயிற்சி பெற்ற செவிலியர், ஏதாவது என்றால் உடனே அழைத்துவரும்படி சொல்லப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து, என் வேலை. போன் பண்ணியதற்கு என்னிடம் சாட்சி இல்லை. டாக்டர் என்னைப் பார்க்காமல், அமைதியாக, "வீட்ல ஒரு நர்ஸ் ரெண்டு நாள் கூடவே இருந்திருக்காங்க சார்" என்றார். அது பொய்யில்லை. கொஞ்ச நாளில் மாடியில் இருந்த போர்டைக் கழற்றிவிட்டார்கள். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வழக்கு இழுத்து இழுத்துக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது.

வேலையை நான் விடவில்லை. வேறு வேலை தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு யார் வயிற்றிலும் கை வைக்க முடியாமல் ஆபரேஷன் வார்டில் இருந்து மாற்றிக் கேட்டு, குழந்தைகளுக்கு ஊசி போடும் பகுதிக்கு வந்துவிட்டேன்.

தங்கையின் பெரிய பெண் பிளஸ் டூ முடித்த கோடையில் ஒருநாள் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் உயரம், அம்மாவின் குரல். காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "பெரியம்மா, எங்கம்மாக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லணும். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள்.

சொன்னேன். பஸ்ஸில் இருந்து ஆரம்பித்து எதையும் விடாமல் சொன்னேன். நடுவில் அவள் அழவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"உள்ள வலிக்குதுன்னு அம்மா எப்பச் சொன்னாங்க?"

"புதன்கிழம சாயங்காலம்."

"நீங்க எப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீங்க?"

"வெள்ளிக்கிழம காலையில."

கணக்கு டீச்சரின் மகள். நாளை எண்ணிப் பார்த்திருப்பாள். ஆறிப்போன காபியைக் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போனேன். நான் தொடுவேனோ என்று பயந்த மாதிரி கொஞ்சம் விலகி நின்று செருப்பைப் போட்டாள்.

"வாரேன் பெரியம்மா" என்றாள்.

வருகிறேன் என்றுதான் எங்கள் பக்கம் சொல்லிக்கொண்டு போவோம். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.